இறகு மீட்டிய தந்திகள்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையூர் ஒன்றில் நடைபெற்ற மீலாது விழாவில் எனக்கும் பேச ஒரு வாய்ப்புக் கிட்டியது. ஐரோப்பாவுக்கு அரபுகள் அளித்த கொடை என்பது தலைப்பு. இளமை வேகம் குறையாத வயது. மருத்துவம், கணிதம், வானியல் என வரிசையாகச் சொல்லி வந்து, இறுதியில் இசைக்கருவிகளையும் விட்டுவைக்கவில்லை. "ஐரோப்பிய அரசவைகளில் இருநூறு ஆண்டுகள் கோலோச்சிய ஹார்ப்ஸிகார்ட் என்னும் கருவி, நம்முடைய ஊத் என்னும் யாழும் கானூனும் பெற்ற பிள்ளையே!" என்று முழங்கினேன். கூட்டம் மகிழ்ந்தது. மேடையை விட்டு இறங்கியதும், எனக்கு ஹதீஸ் கலை ஓதிக்கொடுத்த உஸ்தாத் அவர்கள் அருகே அழைத்தார்கள்.

"நன்றாகப் பேசினீர். அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொன்னீரே, அதற்கு ஸனது என்ன?"

என்னிடம் விடை இல்லை. எங்கோ ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்த செய்தி அது. யார் எழுதினார், அவருக்கு யார் சொன்னார் என்பதொன்றும் நான் அறியேன். உஸ்தாத் அவர்கள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. புன்னகைத்து என் தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டு நகரவில்லை. அதன் பின் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். அண்மையில் என் மகள் கைப்பேசியில் அவ்விசையின் ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்தாள். மேடையில் சொன்னதில் எது நிற்கும், எது நிற்காது என்பதை இப்போது ஓரளவு சொல்ல முடியும் என எண்ணுகிறேன்.

இசையைக் கேட்பது பற்றிய மார்க்கச் சட்டம் இக்கட்டுரையின் பொருள் அன்று. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் அதற்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள்; விரும்புவோர் அங்கே காண்க. ஈண்டு பேசப்படுவது வரலாறு ஒன்றே.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். தோற்றத்தில் ஹார்ப்ஸிகார்ட் இன்றைய பியானோவை ஒத்தது. இயக்கத்தில் அதனினும் முற்றிலும் வேறானது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்ஸிகார்ட்டிலோ, விரலால் கட்டையை அழுத்தியதும் அதன் மறுமுனையில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று மேலெழும்; அச்சட்டத்தில் பொருத்திய பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டும். சட்டம் கீழிறங்கும்போது அதில் உள்ள சிறு துணித்துண்டு தந்தியைத் தொட்டு ஒலியை அடக்கும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் வலிமை பெரிதும் மாறுவதில்லை. எழுந்த ஒலியும் விரைவில் தேய்ந்து மறையும். இந்தக் குறைபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சொல்லப்போகும் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை ஐரோப்பியர் பரோக் காலம் என்பர். ஹார்ப்ஸிகார்ட்டின் பொற்காலமும் அதுவே. அக்கால இசை நூல்கள் பிரெஞ்சுப் பாணி, இத்தாலியப் பாணி, ஜெர்மானியப் பாணி என்று நாட்டு எல்லை வகுத்துப் பேசும். உள்ளே புகுந்து பார்த்தால் அவ்வெல்லைக் கோடுகள் நிற்பதில்லை. அக்காலத்து நடனத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் வரும் அல்மாந்து, பெயரிலேயே ஜெர்மானியம். அடுத்து வரும் கூரான்த் பிரெஞ்சுப் பெயர் பெற்றது. மூன்றாவதான ஸாரபாந்து ஸ்பெயின் வழி வந்தது. நான்காவதான ஜீக் இங்கிலாந்துத் தீவுகளின் துள்ளல் ஆட்டம். நான்கு திசையினரும் ஒரே பாயில் அமர்ந்து உண்பது போன்றதே அத்தொகுதி.

இவற்றுள் ஸாரபாந்தின் கதை விந்தையானது. 1539ஆம் ஆண்டு பனாமாவில் எழுதப்பட்ட ஒரு கவிதையில் அதன் பெயர் வருகிறது. ஸ்பெயினில் அது நாணமற்ற ஆட்டம் எனக் கருதப்பட்டு, 1583இல் அதற்குத் தடையே விதிக்கப்பட்டது. அதே ஆட்டம் பிரான்ஸை அடைந்து, அரசவைக்குள் நுழைந்து, நடை தளர்ந்து, இறுதியில் மிகக் கண்ணியமான மெதுநடை இசையாயிற்று. ஊரில் அடங்காப் பிள்ளை அயலூரில் பெரிய மனிதர் ஆனாற்போல! அதன் பெயரைப் பாரசீகத்தின் 'ஸர்பந்த்' என்னும் தலைக்கட்டோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. பாரசீகம் கற்ற எனக்கு அது இனிக்கத்தான் செய்கிறது. எனினும் இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பது ஸனது ஆகாது. அதைப் பாரசீகத்திலிருந்து பனாமாவுக்குக் கொண்டு சென்றவர் யார்? தொடர் இல்லை. எனவே விட்டுவிடுவோம்.

தொடர் உறுதியாக உள்ள இடத்துக்கு இப்போது வருவோம். யோஹான் யாகோப் ஃபுரோபெர்கர் என்பவர் 1616இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர். வியன்னா அரசவையில் பணியாற்றினார். 1637இல் பேரரசரின் உதவியோடு ரோமாபுரி சென்று, அக்காலத்துப் பெரும் வித்தகர் ஜிரோலமோ ஃபிரெஸ்கொபால்டியிடம் பாடம் கேட்டார். 1641இல் திரும்பினார். கட்டற்ற வேகமும் திடீர்த் தயக்கமும் கலந்த இத்தாலியக் கற்பனை நடை இவ்வாறு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது. கேட்டவர் பெயர், சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் உள. முஹத்திஸ்கள் கேட்கும் ஸமாஉ, அதாவது நேரில் செவிமடுத்துப் பெறுதல், இதுவேயாகும்.

பின்னர் ஃபுரோபெர்கர் பிரஸல்ஸ், பாரிஸ், லண்டன் என அலைந்தார். 1652இல் அவர் பாரிஸில் இருந்தபோது நிகழ்ந்த ஒரு மரணம் என் பொருளுக்கு மிக முக்கியமானது. பிளாங்க்ரோஷே என்பவர் அந்நகரின் புகழ்மிக்க லூட் வாசிப்பவர். ஃபுரோபெர்கரின் நண்பர். அவ்வாண்டு நவம்பரில் அவர் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தார். ஃபுரோபெர்கர் அப்போது உடன் இருந்தார். நண்பருக்காக ஹார்ப்ஸிகார்ட்டில் ஓர் இரங்கல் இசை இயற்றினார் ஃபுரோபெர்கர். அதன் இறுதியில் சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, கருவியின் அடித்தளத்தில் போய் நிற்கும். கேட்கும்போது நெஞ்சு கனக்கும். அதே மனிதருக்கு லூயி கூப்பரான் என்னும் பிரெஞ்சு இளைஞரும் ஓர் இரங்கல் இசை எழுதினார். இதே கூப்பரானின் முன்னிசை ஒன்று, ஃபுரோபெர்கரைப் பின்பற்றியது என்னும் தலைப்போடு பழைய ஏட்டில் காணப்படுகிறது. தாம் பெற்றது எவரிடமிருந்து என்பதை மறைக்காத பண்பு பாராட்டற்குரியது.

ஆக, ரோமாபுரியின் ஃபிரெஸ்கொபால்டியிடமிருந்து ஜெர்மானியர் ஃபுரோபெர்கர், அவரிடமிருந்து பாரிஸின் கூப்பரான் எனத் தொடர் அறுபடாமல் செல்கிறது. இது ஒரு பாதை. இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பாதை சென்றது. ஃபுரோபெர்கர் பாரிஸில் கொடுத்தது மட்டுமல்லர், பெற்றதும் உண்டு. அவர் பெற்றது லூட் வாசிப்பவர்களிடமிருந்து.

லூட்டிலும் ஒலி விரைவில் தேயும். ஆகவே அதனை வாசித்தோர், பல சுரங்களை ஒருங்கே அடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்து, முதல் சுரம் மறைவதற்குள் அடுத்ததை எழுப்பி, இழை அறாமல் நெய்யக் கற்றிருந்தனர். ஹார்ப்ஸிகார்ட் வாசிப்பவர்களுக்கும் அதே இடர்ப்பாடு. எனவே பிரெஞ்சுக் கலைஞர்கள் லூட்டின் இந்த உதிர்ப்பு முறையை அப்படியே கட்டைகளுக்கு மாற்றிக்கொண்டனர். காலக்கணக்குக் குறிக்காமல் சுரங்களை மட்டும் எழுதி வைத்து, நடையை வாசிப்பவரின் உணர்வுக்கே விட்டுவிடும் லூயி கூப்பரானின் முன்னிசைகளும் லூட் மரபிலிருந்து வந்தவையே. பிரெஞ்சு ஹார்ப்ஸிகார்ட் இசைக்கே உரிய தனி அழகு என்று இன்று போற்றப்படுவது இதுதான். தனி அழகு என்பதே இன்னொரு கருவியிடம் வாங்கிய கடன்!

இங்கேதான் அரபு படித்தவன் நெஞ்சு துடிக்கிறது. லூட் என்பது ஸ்பானிய மொழியின் லாவூத். லாவூத் என்பது அரபியின் அல்ஊத். மரம் என்று பொருள். நம் வீடுகளில் நறுமணத்துக்கு எரிக்கும் ஊதும் இதே சொல்லே. அல்-ஃபாராபி தம் இசைப் பெருநூலில் சுர இடைவெளிகளை இக்கருவியை வைத்தே விளக்குகிறார். அந்தலூஸ் வழியாக ஐரோப்பா சென்ற இக்கருவி, அங்கே கழுத்தில் சுரக்கட்டுகள் பெற்றது, இறகை விட்டு விரலால் மீட்டப்படலாயிற்று, தந்திகள் பெருகின. பெயரும் உடலும் அரபியினுடையவை, இதில் ஐயமில்லை. எனவே பாரிஸின் ஹார்ப்ஸிகார்ட் நடைக்குப் பின்னே லூட், லூட்டுக்குப் பின்னே ஊத் என்று கருவிகளின் தொடர் ஒன்று நிற்கிறது. என் மேடைப் பேச்சில் நிற்கக்கூடிய பகுதி இவ்வளவே.

நிற்காத பகுதி எது? அந்தலூஸின் இசை மேதை ஸிர்யாப் 822இல் குர்துபா வந்தவர். மரக்கோலுக்குப் பதிலாகக் கழுகின் இறகால் ஊத் மீட்டினார் என்று அல்-மக்கரி எழுதுகிறார். அரபியில் மீட்டுகோலுக்கே 'ரீஷா', அதாவது இறகு என்றுதான் பெயர். ஹார்ப்ஸிகார்ட்டும் இறகால் மீட்டப்படுவது. இதைப் படித்தபோது நான் இருக்கையை விட்டு எழுந்தே விட்டேன். ஆனால் ஸிர்யாபுக்கும் ஹார்ப்ஸிகார்ட்டுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. 1397இல் பதுவா நகரத்து ஆவணம் ஒன்று, ஹெர்மன் போல் என்பவர் இவ்வகைக் கருவியைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வதைக் குறிக்கிறது. அவர் இறகைக் குர்துபாவிலிருந்து பெற்றார் என்பதற்கு எவரும் சான்று சொல்லவில்லை. தந்தியைச் சுண்டும் அளவுக்கு உறுதியும் வளைவும் உள்ள பொருளைத் தேடும் எவரும் இறகைத் தாமே கண்டடையலாம். கானூனைப் பற்றியும் இதுவே என் முடிவு. அது ஹார்ப்ஸிகார்ட்டுக்கு உறவு என்பதில் தடையில்லை. பெற்ற தாய் என்று சொல்லத்தான் சான்று இல்லை. அதன் பெயரே கிரேக்க மொழியிலிருந்து அரபிக்கு வந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

ஃபுரோபெர்கரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அவர் தம் கடைசிக் காலத்தை ஸிபில்லா என்னும் சீமாட்டியின் ஆதரவில் கழித்து, 1667இல் எரிகூர் என்னும் ஊரில் மறைந்தார். அச்சீமாட்டி அவருடைய மாணவி. ஆசிரியர் மறைந்தபின், ஹாலந்து நாட்டு அறிஞர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. ஆசிரியரின் இசையைத் தாம் விரல் விரலாக அவரிடமே கற்றதாகவும், அவரிடம் நேரில் கற்காதவர் எவரும் ஏட்டைப் பார்த்து அதனைச் சரிவர வாசித்துவிட முடியாது என்றும் அதில் சொல்கிறார். இதைப் படித்தபோது மதரஸாவில் இஜாஸத் பெற்ற நாள் என் நினைவுக்கு வந்தது. கிதாப் எல்லாருக்கும் கிடைக்கும். உஸ்தாத் முன்னிலையில் அமர்ந்து ஓதியவனுக்கே அதன் ஏற்ற இறக்கம் பிடிபடும்.

ஹதீஸ் கலையில் விஜாதா என்று ஒன்று உண்டு. ஆசிரியரைச் சந்திக்காமல், அவருடைய ஏட்டைக் கண்டெடுத்து அதிலிருந்து பெறுவது. நேரில் கேட்டதற்கு ஒருபடி கீழானதாகவே அதை வைப்பர். ஆயினும் ஹார்ப்ஸிகார்ட் வரலாற்றின் மிகப் பெரிய மேதை விஜாதா வழியே வளர்ந்தவர் என்பது வியப்பன்றோ? யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) இத்தாலியிலோ பிரான்ஸிலோ காலடி வைத்தவரல்லர். விவால்டியின் கச்சேரி இசைத் தொகுதியொன்று 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. வைமார் அரச குடும்பத்து இளவல் யோஹான் எர்ன்ஸ்ட் ஹாலந்தில் கல்வி பயின்று 1713இல் ஊர் திரும்பியபோது இத்தாலிய இசை ஏடுகளைக் கொண்டுவந்தார். அவ்வூரில் பணியாற்றிய பாக் அவற்றைப் பெற்று, பல வாத்தியங்களுக்கு எழுதப்பட்டதைத் தனி ஹார்ப்ஸிகார்ட்டுக்கு மாற்றி எழுதினார். அவ்வாறு மாற்றியவை பதினாறு இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் விவால்டியினுடையனவும், மார்செல்லோவினுடையதும், அந்த இளவலே இயற்றியனவும் உள. இளவல் 1715இல், பதினெட்டே வயதில் மறைந்துவிட்டார். அவர் கொண்டுவந்த ஏடுகள் செய்த வேலை பெரிது.

பிரான்ஸிலிருந்தும் பாக் ஏட்டு வழியே பெற்றார். தாங்கிளெபேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1689இல் அச்சிட்ட நூலில், சுரங்களை அணிசெய்யும் அசைவுகளின் அட்டவணை ஒன்று உண்டு. பாக் அதனைத் தம் கைப்படப் படியெடுத்தார். பின்னர் 1720இல் தம் மூத்த மகனுக்கெனத் தொடங்கிய பாடப் புத்தகத்தில், அதனையொட்டிய சிறு அட்டவணையொன்றை எழுதிக்கொடுத்தார். 1735இல் இத்தாலிய முறைக் கச்சேரி இசை ஒன்றையும் பிரெஞ்சு முறைத் தொகுதி ஒன்றையும் ஒரே நூலில் அருகருகே அச்சிட்டார். இரண்டையும் எழுதியவர் அவ்விரு நாடுகளையும் காணாதவர்!

ஆனால் அந்தத் தாங்கிளெபேர் தம் நூலில் தம்முடையவற்றோடு சேர்த்துக் கருவிக்கு மாற்றித் தந்த இசை யாருடையது? லுல்லியினுடையது. பிரெஞ்சு இசை என்றால் இன்னது என்று பதினான்காம் லூயி மன்னரின் அவையில் இலக்கணம் வகுத்த அந்த லுல்லி, 1632இல் ஃபுளோரன்ஸில் பிறந்த இத்தாலியர். 1646இல் சிறுவனாகப் பிரான்ஸ் வந்து, 1661இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். இத்தாலியர் ஒருவர் வகுத்த பிரெஞ்சுப் பாணியை, பிரான்ஸைக் காணாத ஜெர்மானியர் ஏட்டிலிருந்து கற்றார். இதற்குமேல் எல்லைக் கோடு எங்கே போடுவது?

ஸனது இருக்கும் இடத்தில் போலி ஸனதும் இருக்கும் என்பதை ஹதீஸ் கற்றோர் அறிவர். இங்கும் அது உண்டு. ஆன்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பத்தினர் செய்த ஹார்ப்ஸிகார்ட்டுகளுக்கு ஐரோப்பா எங்கும் பெருமதிப்பு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் தச்சர்கள் அப்பழைய கருவிகளை வாங்கி, உடலை அகலப்படுத்தி, கட்டைகளைக் கூட்டிப் புதுக்கி விற்றனர். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், தாமே செய்த கருவியில் ருக்கர்ஸ் பெயரைப் பொறித்து விற்றனர். செய்தவர் திறமைக்குக் குறைவில்லை. அயலான் பெயர் இருந்தால்தான் விலை போகும் என்பதே காரணம்.

மேதையான ஃபிரான்ஸுவா கூப்பரானும் (1668–1733) இக்குற்றத்துக்கு விலக்கல்லர். இவர் மேலே சொன்ன லூயி கூப்பரானின் தம்பி மகன். இத்தாலியின் கொரெல்லி மீது அவருக்குத் தீராத மோகம். இளமையில் அம்முறையில் ஓர் இசை இயற்றியவர், தம் பெயரோடு வெளியிட அஞ்சினார். ஸார்டினியா மன்னரிடம் பணியாற்றிய உறவினர் ஒருவர் அனுப்பிய புதிய இத்தாலியப் புலவரின் படைப்பு இது என்று கதை கட்டி, தம் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து ஓர் இத்தாலியப் பெயர் செய்து உலவவிட்டார். பாரிஸ் பாராட்டியது. 1726இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் இதைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். அயல்நாட்டுச் சரக்கின் மீது தம் நாட்டாருக்கு உள்ள ஆசையையும் கேலி செய்கிறார். தாம் புனைந்த அறிவிப்பைத் தாமே வெளிப்படுத்தியதால் அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

பெயரில் மட்டும் அயல்நாடு இருந்து, பொருளில் இல்லாத வகையும் உண்டு. 1725இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் பாரிஸ் அரங்கொன்றில் ஆடினர். அதைக் கண்ட ராமோ என்பவர் 'காட்டு மனிதர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஹார்ப்ஸிகார்ட் இசை எழுதினார். கேட்டுப் பார்த்தேன். துள்ளல் உண்டு, ஆனால் கட்டமைப்பு முழுதும் பிரெஞ்சு முறையே. விருந்தாளியின் பெயரை வாங்கிக்கொண்டு, அவர் பேச்சைக் கேட்காமல் விட்டதைப் போன்றது. பெயரும் நயமானதன்று.

இறுதியாக, தொமெனிக்கோ ஸ்கார்லாட்டி. பாக் பிறந்த அதே 1685இல், அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த நாப்பொலியில் பிறந்த இத்தாலியர். 1719இல் லிஸ்பன் சென்று போர்த்துக்கல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியரானார். 1729இல் இளவரசி ஸ்பெயின் நாட்டு இளவரசரை மணந்தபோது உடன் சென்று, 1733 வரை அரசவையோடு ஸெவில்லிலும், பின்னர் 1757இல் மறையும்வரை மாட்ரிட்டிலும் வாழ்ந்தார். அவர் எழுதிய 555 ஸொனாட்டாக்கள் இத்தாலியருடைய மரபிலும் அடங்கவில்லை, பிரெஞ்சு மரபிலும் அடங்கவில்லை. கித்தாரின் தந்திகளை விரல்கள் சேர்த்து வாரியடிப்பது போன்ற கரடான ஒலிக்கொத்துகள், ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டுதல், அந்தலூஸியப் பாடல்களில் கேட்கும் அந்த இறங்குமுகமான ஏக்கம், எல்லாம் அவற்றுள் உண்டு.

ஸெவில் என்றால் நம் நூல்களின் இஷ்பீலியா. அரசவை தங்கிய மாளிகை அல்காஸர், அதாவது அல்கஸ்ர். சுவர்களில் இன்றும் அரபு எழுத்துகள். அங்கே வாழ்ந்தவரின் இசையில் அரபு நெடி வீசுகிறது என்று எழுதியோர் பலர். மேடையேறும் நம்மவர் எவருக்கும் இது தேனாக இனிக்கும். எனக்கும் இனித்தது. ஆனால் காலத்தைக் கணக்கிடுவோம். இஷ்பீலியா முஸ்லிம்களின் கையை விட்டுப் போனது 1248இல். கர்னாதா வீழ்ந்தது 1492இல். எஞ்சியிருந்த மொரிஸ்கோ மக்கள் 1609க்கும் 1614க்கும் இடையே நாடு கடத்தப்பட்டனர். ஸ்கார்லாட்டி வந்ததோ அதற்கும் நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவருக்கு ஊத் வாசித்துக் காட்ட அங்கே எவர் இருந்தார்? சுவர் ராவி ஆகாது. அந்தலூஸியப் பாமர மக்களின் தொண்டையில் பழைய இசையின் எச்சம் தங்கியிருக்கலாம் என்பர். இருக்கலாம், மறுக்கவும் என்னிடம் சான்று இல்லை. இத்தகைய இடத்தில் நம் இமாம்கள் கைக்கொண்ட தவக்குஃப், முடிவு சொல்லாமல் நிறுத்திக்கொள்ளுதல், அதுவே எனக்கும் ஏற்புடையது.

ஸனது உள்ள செய்தி ஒன்று உண்டு, அது எளியது. சார்ல்ஸ் பர்னி என்னும் ஆங்கிலேயர் 1772இல் வியன்னா சென்றபோது லோஜியே என்னும் மருத்துவரைச் சந்தித்தார். லோஜியே ஸ்பெயினில் ஸ்கார்லாட்டியோடு நேரில் பழகியவர். வண்டிக்காரரும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் பாமர மக்களும் பாடும் மெட்டுகளை ஸ்கார்லாட்டி தம் இசையில் பின்பற்றினார் என்று அவரிடம் கேட்டறிந்த பர்னி, அடுத்த ஆண்டே அதை அச்சில் பதிந்தார். இடையில் ஒரே ஒரு ராவி. உஸ்தாத் அவர்கள் இன்று இருந்திருந்தால் இதைத்தான் அவர்கள் முன் வைத்திருப்பேன்.

அந்தக் கழுதைக்காரர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அரசியாகிவிட்ட மரியா பார்பராவுக்கெனப் படியெடுக்கப்பட்ட பதினைந்து தொகுதிகள், அவருடைய அவைப்பாடகர் ஃபாரினெல்லி வழியே இத்தாலி சேர்ந்து, இன்று வெனிஸ் நகர மார்சியானா நூலகத்தில் உள்ளன. ஸ்கார்லாட்டி தம் கைப்பட எழுதிய ஸொனாட்டா ஏடு ஒன்றேனும் இதுவரை கிடைக்கவில்லை.